காண்போன் கடன்

பயணத்தை அறிவின் வாயில்களுள் ஒன்றாகக் கொள்ளும் வழக்கம் பழமையானது. நூலிற் கற்றதைக் கண்ணாற் கண்டு தெளிதல் சிறப்புடையது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், பயணி எதனைப் பெறுகிறான் என்ற வினா ஆராயப்பட்ட அளவுக்கு, தான் கண்டு மகிழும் நிலத்துக்கு அவன் ஏதேனும் கடன்பட்டவனா என்ற வினா ஆராயப்படவில்லை. ‘கடன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. செய்யவேண்டிய முறைமையும் கடன். திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். பிறர் நிலத்தைக் கண்டு இன்புறுபவனுக்கு இவ்விரு பொருளில் ஏதேனும் ஒன்றிலாயினும் கடன் உண்டா என்பதே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படும் வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு எல்லாப் பயணிகளையும் ஒருசேர எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆடம்பர விடுதிகளில் தங்கி, குளிரூட்டிய வாகனத்தின் கண்ணாடிக்கு உள்ளிருந்தவாறே மலைகளைப் பார்த்துச் செல்பவனிடம் குறை காண்பது எளிது. எளிதான குறைகாணல் சிந்தனைக்கு உதவுவதில்லை. ஆதலின் குற்றஞ்சாட்ட இடமளிக்காத ஒரு பயணியைத் தெரிந்துகொள்ளுதல் நன்று. துவிச்சக்கர வண்டியில் மலைநாடொன்றைச் சுற்றிவருபவன் அத்தகையவன். அவன் எரிபொருளை எரிப்பதில்லை, புகையை விடுவதில்லை, ஓசையெழுப்பி எவரது உறக்கத்தையும் கெடுப்பதில்லை. தன் காலின் வலுவை நம்பியே ஏறுகிறான். இரண்டு சிறு பைகளில் அடங்கும் உடைமைகளோடு வந்து போகிறான். இத்தகையவனுக்கும் கடன் உண்டு என நிறுவப்படுமாயின், ஏனையோருக்கு அது உண்டு என்பது தானே பெறப்படும்.

அவன் செல்லும் வழியாக ஸ்பானிய நாட்டின் வடகிழக்கிலுள்ள அரகோன் பிரதேசத்தின் ஒரு பள்ளத்தாக்கைக் கொள்வோம். பிரான்சுக்கும் ஸ்பானியாவுக்கும் இடையே எல்லையாக நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரின் தென்புறத்தில், உவெஸ்கா மாகாணத்தில், ஆரா என்னும் ஆறு பாய்கிறது. மலைத்தொடரின் உச்சிப் பகுதிகளில் தோன்றி, தோர்லா, புரோத்தோ, பிஸ்கால், பொல்தாஞா ஆகிய ஊர்களைக் கடந்து, அயின்சா என்னும் பழைய நகரின் அடியில் சிங்கா ஆற்றோடு கலப்பது அது. பிரனீஸின் குறிப்பிடத்தக்க ஆறுகள் பெரும்பாலும் அணைகளால் மறிக்கப்பட்டுவிட, பேரணை எதுவுமின்றித் தன் போக்கிற் செல்லும் மிகச் சிலவற்றுள் ஆரா ஒன்றாகும்.

மேற்கேயுள்ள பியெஸ்காஸிலிருந்து புறப்படுபவன் முதலில் கொத்தேபாப்லோ என்னும் கணவாயை ஏறிக் கடக்கவேண்டும். கணவாயின் உயரம் 1423 மீற்றர். நிறைந்த பைகளோடு ஏறும்போது வண்டியின் வேகம் விரைந்து நடப்பவனின் வேகத்தைவிடச் சற்றே மிகுந்ததாக இருக்கும். ஏற்றத்தின் ஒவ்வொரு வளைவையும் தொடைத்தசைகள் கணக்கிடுகின்றன. தேசப்படத்தில் நெருங்கிய கோடுகளாகத் தெரிந்தது மூச்சிரைப்பாக மாறுகிறது. நிழல் எங்கே விழுகிறது, காற்று எத்திசையிலிருந்து வருகிறது, அடுத்த நீர்க்குழாய் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பன தகவல்களாக அன்றித் தேவைகளாகவே அறியப்படுகின்றன. உச்சியிலுள்ள சுரங்கவழியைக் கடந்ததும் பாதை புரோத்தோவை நோக்கிச் சரிகிறது. அங்கிருந்து ஆற்றைத் துணையாகக் கொண்டு, நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் இறங்கினால் அயின்சா வந்துவிடும்.

இவ்விறக்கம் பெருமகிழ்ச்சி தருவது. ஆற்றின் நீர் பசுமை கலந்த நீலமாக வெண்ணிறக் கற்படுக்கையின்மேல் ஓடுகிறது. இருபுறச் சரிவுகளிலும் பைன் மரங்களும் அடர்ந்த புதர்களும் நிறைந்திருக்கின்றன. நெடுநேரம் ஒரு மனிதக் குரலும் கேளாது. ‘எவர் கையும் படாத இயற்கை’ என்று பயணி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளக்கூடும். ஆயின் மெல்லச் செல்பவனாதலின், விரைந்து செல்பவர் காணாத ஒன்றை அவன் விரைவில் காண்பான். புதர்களுக்கு இடையே சரிவின் குறுக்காக வரிவரியாகக் கற்கள் கிடக்கின்றன. அவை தாமாக உருண்டு கிடப்பன அல்ல. மண் சரியாமற் காக்கும் பொருட்டு, சாந்து பூசாது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்ட படிவயல்களின் அணைசுவர்கள் அவை. எவர் கையும் படாதது என எண்ணப்பட்ட மலை, உண்மையில் உச்சிவரை கைபட்ட மலையாகும். பிஸ்காலுக்கும் பொல்தாஞாவுக்கும் இடையே, ஆற்றின் மறுகரையில் கூரையிழந்த கல்வீடுகளின் கூட்டமொன்று தோன்றும்போது ஐயம் முற்றாக நீங்குகிறது. அவ்வூரின் பெயர் ஹானொவாஸ்.

ஹானொவாஸின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் கூறுதல் அவசியம். 1950களின் தொடக்கத்தில், ஆரா ஆற்றின் நீரைத் தேக்கி மின்னுற்பத்தி செய்யும் உரிமை மின்சார நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. அது ஜெனரல் பிராங்கோவின் ஆட்சிக்காலம். நீரில் மூழ்கப்போகும் ஊர்கள் என ஹானொவாஸ், லவெலியா, லகோர்த் ஆகியவை குறிக்கப்பட்டன. 1960களில் காணிகளும் வீடுகளும் கட்டாயமாகப் பெறப்பட்டன. ஒரு குடும்பம் வெளியேறியதும் அதன் வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அயல் வீடுகளில் மனிதர் அப்போதும் வாழ்ந்துகொண்டிருந்தனர். 1966 இல் ஊர்ப் பாடசாலை, பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே வன்முறையால் மூடப்பட்டது. விளைநிலங்கள் பாழாயின. இத்தனைக்கும் பின்னர் ஒரேயொரு குடும்பம் இடிபாடுகளின் நடுவே 1984 வரை வாழ்ந்தது. அக்குடும்பமும் வெளியேறிய பின்னர் ஊர் முற்றாக அடங்கியது.

இவ்வளவும் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த அணை கட்டப்படவேயில்லை. ஆண்டுகள் பல தாமதத்தில் கழிந்தன, ஆட்சி மாறியது, சூழல் பற்றிய எண்ணங்களும் மாறின. 2001 இல், சுற்றாடலுக்குக் கேடு விளைவிக்கும் என்ற காரணத்தால் திட்டம் ஏற்கத்தகாதது என அரசே முடிவுசெய்தது. அதன் பின்னரும் காணிகள் உடனே மீளவில்லை. தகர்க்கப்பட்ட வீடுகளைத் திரும்பப் பெறுவதற்கு அவற்றின் பழைய உரிமையாளரே பணஞ்செலுத்த வேண்டும் என்ற விபரீத நிலையும் எழுந்தது. நெடிய சட்டப் போராட்டத்தின் பின்னரே மீட்பு தொடங்கியது. இன்று அவ்வூரில் சில வீடுகள், வெளியேற்றப்பட்டோராலும் அவர்தம் பிள்ளைகளாலும் மீளக் கட்டப்பட்டுள்ளன.

இனி, வினாவுக்கு வருவோம். இவ்வரலாற்றை அறியுமுன் பயணி அப்பள்ளத்தாக்கை அழகியதெனக் கண்டான். அறிந்த பின்னர், அவ்வின்பம் தவறானதா என்ற கலக்கம் எழுகிறது. இக்கலக்கத்தைத் தேவையற்றதென ஒதுக்குவோர்க்கு வலிமையான மெய்யியல் ஆதரவு உண்டு. ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவல் கான்ற், 1790 இல் வெளிவந்த தமது மூன்றாவது விமர்சன நூலில், அழகு பற்றிய தீர்ப்பு எவ்வித நலன்கருதலும் அற்றது என வாதிட்டார். அரண்மனையொன்று அழகியதா என வினவப்படும்போது, மக்களின் உழைப்பை வீண் பகட்டிலே செலவிடும் பெரியோரின் ஆணவத்தைக் கண்டிப்பதும் கூடும். ஆயின் அது கேட்கப்பட்ட வினாவுக்கு விடையாகாது என்பது அவர் காட்டும் உதாரணம். அழகா என்பது ஒரு வினா. அறமா என்பது வேறொரு வினா. ஒன்றின் விடையைக் கொண்டு மற்றையதை மறைத்தல் ஆகாது என்பதே அவர் கருத்தின் சாரம்.

இக்கருத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. மனிதர் துயருறாத நிலம் உலகில் அரிது. ஒவ்வொரு மலையின் வரலாற்றையும் விசாரித்து, குற்றமற்றது எனத் தீர்ந்த பின்னரே அதனை அழகியதென ஒப்புவது என்றால், கண் திறந்து பார்ப்பதே இயலாததாகிவிடும். ஆரா ஆற்றின் நீலம் எவருடைய குற்றத்தாலும் உண்டானதன்று. அந்நீலத்தைக் கண்டு மகிழ்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

எனினும், அரண்மனை உதாரணத்துக்கும் ஹானொவாஸுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அரண்மனையில் மகிழ்ச்சி தருவது கட்டடத்தின் வடிவம். அதன் பின்னுள்ள அநீதி அவ்வடிவத்துக்குப் புறம்பானது. நீதியான முறையில் கட்டப்பட்டிருந்தாலும் அவ்வடிவம் அவ்வாறே இருந்திருக்கும். பள்ளத்தாக்கில் பயணியை மயக்கியவை எவை? நீரின் நிறம் மட்டுமன்று. மனிதக் குரலற்ற அமைதி, கட்டடங்களின்மேற் படர்ந்த கொடிகள், சரிவை மூடிய காடு ஆகியனவுமே. இவை அநீதிக்குப் புறம்பானவை அல்ல. அநீதியின் உடலே இவைதாம். அமைதி எனப்படுவது, மூடப்பட்ட பாடசாலையில் இப்போது கேளாத பிள்ளைகளின் குரல். வெளியேற்றம் நிகழாதிருந்தால் பயணி விரும்பிய காட்சியும் அங்கு இருந்திராது. எனவே ஈண்டு அழகு வேறு, அறம் வேறு எனப் பிரித்து அமைதியுறுதல் இயலாது. நுகரப்படும் பொருளே இழப்பினால் ஆக்கப்பட்டதாயிருக்கையில், இழப்பை அறியாமல் நுகர்வது பொருளைச் சரியாகக் காணாமையும் ஆகும். அதாவது, அறத்தின் குறையாக மாத்திரமன்றி, காட்சியின் குறையாகவும் அது அமைகிறது.

இக்குறை சொற்களிலும் வெளிப்படும். ஸ்பானிய எழுத்தாளர் செர்கியோ தெல் மொலினோ 2016 இல் வெளியிட்ட நூலொன்றின் வழியாக, ‘எஸ்பாஞா வசீயா’, அஃதாவது ‘வெறுமையான ஸ்பானியா’ என்ற தொடர் பரவலாயிற்று. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால் ஆளற்றுப்போன உள்நாட்டுப் பகுதிகளை அது குறித்தது. அப்பகுதிகளில் எஞ்சியிருந்தோர் பலர் அத்தொடரின் ஓர் எழுத்துக்கூட்டத்தை மாற்றினர். 2019 மார்ச் 31 ஆம் திகதி மாட்ரிட் நகரில் திரண்ட பெருங்கூட்டம் ‘எஸ்பாஞா வசியாதா’ என்றது. ‘வெறுமையாக்கப்பட்ட ஸ்பானியா’ என்பது அதன் பொருள். இலக்கண நோக்கில் இது சிறு மாற்றம். முன்னையது பண்பைக் கூறும் பெயரடை. பின்னையது செயப்பாட்டுவினையின் எச்சம். ஆயின் செயப்பாட்டுவினை எங்கு வந்தாலும், சொல்லப்படாத ஓர் எழுவாய் அதன் பின்னே நிற்கும். வெறுமையாக்கியது யார் என்ற வினாவை அது தவிர்க்கமுடியாததாக்குகிறது. தமிழ்த் திணைமரபு பாலைக்கெனத் தனி நிலத்தை வகுக்காது, ஏனைய நிலங்கள் தம் இயல்பு திரிந்த நிலையையே பாலை எனக் கொண்டமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. பாலையைக் காண்பவன், அது முன்பு எந்நிலமாக இருந்தது எனக் கேட்கவேண்டும் என்ற குறிப்பு அவ்வகுப்பிலேயே அடங்கியுள்ளது.

இவ்விடத்தில் துவிச்சக்கர வண்டிப் பயணி தன் தரப்பில் ஒரு நியாயத்தை முன்வைக்கக்கூடும். ‘இக்காட்சியை நான் இலவசமாகப் பெறவில்லை. வெயிலிலும் மழையிலும் மிதித்து, வியர்வை சிந்தி, என் உழைப்பால் இதற்கு உரியவனானேன்’ என்பதே அந்நியாயம். உழைத்துப் பெற்றதில் உரிமை உண்டு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கொள்கையாதலால், இதனைச் சற்று நுணுகி நோக்கவேண்டும்.

அணைசுவரைக் கட்டியவனின் உழைப்பையும் கணவாயை ஏறியவனின் உழைப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரு வேறுபாடுகள் புலனாகும். முதலாவது, கட்டியவனின் உழைப்பு நிலத்தில் தங்கியது. அவன் மறைந்து, அவன் பேரனும் வெளியேற்றப்பட்ட பின்னரும் அக்கற்கள் மண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. ஏறியவனின் உழைப்போ அவன் உடலிலேயே தங்குகிறது. அவன் போகும்போது அதுவும் அவனோடு போய்விடுகிறது. இரண்டாவது, பயணியின் துன்பம் அவன் தெரிந்துகொண்டது. விரும்பாதபோது அவன் இறங்கி, அடுத்த ஊரில் பஸ் ஏறலாம். படிவயலில் உழைத்தவனுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. நிறுத்திவிடக்கூடிய துன்பமும் நிறுத்தமுடியாத துன்பமும் அளவால் ஒத்திருந்தாலும் தன்மையால் ஒவ்வா. எனவே வியர்வை ஓர் உரிமைப் பத்திரமாகாது. ‘நான் உழைத்து அடைந்த மலை’ என்ற எண்ணம், மென்மையான உருவில் தோன்றும் ஆக்கிரமிப்பு எண்ணமே எனலாம்.

ஆயின் அவ்வுழைப்பு வேறு ஒன்றைத் தரவல்லது. அது உரிமையைத் தருவதில்லை, கவனத்தைத் தருகிறது. பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய், தொழிலாளரின் வாழ்வை அறியும்பொருட்டு 1934 இலும் 1935 இலும் தொழிற்சாலைகளில் வேலைசெய்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1936 இல், இதே அரகோன் பிரதேசத்தில் எப்ரோ ஆற்றங்கரையிலுள்ள போர்முனைக்குத் தொண்டராக வந்து, கொதிக்கும் எண்ணெயில் கால் பட்டுக் காயமுற்றுச் சில வாரங்களிலேயே திரும்பிச் சென்றவர். அவரது பிற்காலச் சிந்தனையில் கவனம் என்பது நடுநாயகமான கருத்தாகும். கவனமென்பது பொருளைப் பற்றிப் பிடிக்கும் முயற்சியன்று. தன் விருப்பங்களைச் சற்று ஒதுக்கி வைத்து, எதிர்நிற்பது தன் உண்மை வடிவில் உள்ளே வருவதற்கு இடமளித்தலே என அவர் கருதினார். பிறன் துன்பத்தைக் கவனிக்கும் ஆற்றல் மிக அரியது என்பதும் அவர் துணிபு.

துவிச்சக்கர வண்டியின் உண்மையான சிறப்பை இக்கருத்தின் ஒளியிற் காணலாம். அது மெல்லச் செல்வது. எனவே அணைசுவர்களைக் காட்டுகிறது. அது திறந்தது, எனவே ஊரின் வாசனையும் குளிரும் நேரே வந்து படுகின்றன. எல்லாவற்றினும் மேலாக, அது பயணியைப் பிறர் உதவி வேண்டிநிற்பவன் ஆக்குகிறது. தண்ணீருக்காகவும் பாணுக்காகவும் பாதையறிவதற்காகவும் அவன் ஒரு கதவைத் தட்டவேண்டும். கதவு இருக்கும் ஊரில் அது திறக்கப்படுகிறது. கதவற்ற ஊரில், மனிதரின்மை என்பது ஒரு கருத்தாக அன்றித் தாகமாக உணரப்படுகிறது. வெறுமையின் பொருளை உடல் முதலில் அறிந்துகொள்ள, உள்ளம் பின்னர் வினாவெழுப்புகிறது.

இதுகாறும் கூறியவற்றால், அணை கட்டுதல் எங்கும் தீயது என்ற முடிவு கொள்ளப்படுமாயின் அது அவசர முடிவாகும். அரகோனின் நடுப்பகுதியில் மொனெக்ரோஸ் என்னும் வறண்ட வெளி விரிந்துகிடக்கிறது. மழை குன்றிய அந்நிலத்தின் உழவர்க்கு மலையாறுகளின் நீர் உயிர்நிகர்த்தது. அரகோனின் மைந்தரான ஹொவாகின் கோஸ்தா (1846 - 1911), நீர்ப்பாசனமே நாட்டின் வறுமைக்கு மருந்தென வாழ்நாளெல்லாம் வாதிட்டவர். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளில், 1915 இல், மேல் அரகோன் நீர்ப்பாசனத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அயின்சாவுக்குக் கீழே, சிங்கா ஆற்றில் 1969 இல் நிரம்பிய மெதியானோ நீர்த்தேக்கம் அத்தகைய பயனுக்கே உதவுகிறது. அதில் மூழ்கிய மெதியானோ ஊரின் தேவாலயக் கோபுரம் இன்றும் நீருக்குமேல் தலைநீட்டி நிற்கிறது. கோபுரத்தைப் படமெடுக்கும் பயணி, மறுநாள் தாழ்நிலத்தில் இறங்கிச் சிங்காவின் கரையில் விளைந்த பழங்களை வாங்கி உண்பான். கோபுரத்தைக் கண்டு இரங்குவதும் பழத்தை உண்டு மகிழ்வதும் ஒரே நீரின் இரு பக்கங்கள் என்பதை அவன் உணர்வது அரிது.

இம்முரண்பாட்டை இரண்டு எழுத்தாளரின் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது. லெயோன் மாகாணத்தில் போர்மா ஆற்றின் குறுக்கே அணையைக் கட்டிய பொறியியலாளர் ஹுவான் பெனெத். அவர் இருபதாம் நூற்றாண்டு ஸ்பானிய நாவலாசிரியருள் முதன்மையானோரில் ஒருவர். அந்நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரையே தாங்குகிறது. 1968 இல் அந்நீரில் மூழ்கிய ஊர்களுள் ஒன்றான வெகாமியானில் 1955 இல் பிறந்தவர் ஹுலியோ யமசாரெஸ். ஆரா பள்ளத்தாக்கை அண்டிய மலைகளிலுள்ள ஐனியேலே என்ற ஆளற்ற சிற்றூரின் கடைசி மனிதனைப் பற்றிய ‘மஞ்சள் மழை’ என்னும் நாவலை 1988 இல் எழுதியவரும் அவரே. ஒருவர் ஆக்கியது மற்றவரின் பிறந்த மண்ணை மூடியது. இருவரில் ஒருவரைக் கொடியவராகவும் மற்றவரை நல்லவராகவும் வகுப்பது பொருந்தாது. பொதுநலன் என்பது பொய்யான சொல்லன்று. ஆயின் பொதுநலன் ஓர் இழப்பை நியாயப்படுத்தக்கூடுமேயன்றி, அவ்விழப்பை இல்லாததாக்கிவிடாது. பலருக்காகச் சிலரிடம் பெறப்பட்டது எதுவோ அது கடனாகவே எஞ்சும். பெற்றோர் அதனை மறந்துவிடுவதால் அது தீர்ந்துவிடுவதில்லை.

மெதியானோவில் பெறப்பட்டது பயன்பட்டது. ஹானொவாஸில் பெறப்பட்டது எவருக்கும் பயன்படவில்லை. பலரின் நன்மைக்காகச் சிலர் இழக்கலாம் என்னும் பயன்பாட்டுவாதக் கணக்குக்கூட ஹானொவாஸில் தோற்றுப்போகிறது. ஆயினும் அங்கொரு சிக்கல் உண்டு. அணை கட்டப்படாமையால் ஆறு இன்று தடையின்றி ஓடுகிறது. அணை வரும் என்ற அச்சத்தால் பள்ளத்தாக்கின் அப்பகுதி வேறெவ்வகையாலும் வளராது நின்றது. பயணி கண்டு மகிழும் கட்டற்ற ஆறும் காடும் ஒருவகையில் அவ்வநீதியின் பக்கவிளைவுகள். ‘ஏதோ ஒரு நன்மை விளைந்ததே’ எனக் கூறி அமைதியடையும் சபலம் இங்கு எழும். அதற்கு இடங்கொடுத்தல் தகாது. தீமையிலிருந்து நன்மை விளைந்ததென்பது, விளைந்த நன்மையைப் பேணுவதற்குக் காரணமாகலாம். தீமையை மன்னிப்பதற்குக் காரணமாகாது. மன்னிக்கும் உரிமை பயணிக்கு உரியதுமன்று.

அவ்வாறாயின் பயணி செய்யவேண்டியது யாது? மூன்று விடைகள் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. முதலாவது, அத்தகைய இடங்களுக்குச் செல்லாதிருத்தல். இது தூய்மையாகத் தோன்றினும், கைவிடப்பட்ட ஊரை இன்னொரு முறை கைவிடுவதே ஆகும். இரண்டாவது, இடிபாடுகளின் முன்னே துயரத்தில் ஆழ்தல். இத்துயரம் இனியது. அது பயணியின் உள்ளத்துக்கு அணிசெய்வதன்றி வெளியேற்றப்பட்டோர்க்கு எதனையும் செய்வதில்லை. மூன்றாவது, தன்னையே குற்றவாளியாக்கி நொந்துகொள்ளுதல். இதில் கதையின் நடுவிடத்துக்குப் பயணியே வந்துவிடுகிறான். ஹானொவாஸ் மக்கள் மீண்டும் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றனர். அவன் அவ்வீடுகளைத் தகர்த்தவன் அல்லன். தகர்த்தவன் போல நடிப்பதும் ஒருவகைப் பொய்யே.

இம்மூன்றும் தவிர எஞ்சுவது எளிமையானது, எளிமையாயிருப்பதாலேயே கடினமானது. கண்டதை உண்மையாகக் காண்பதும், கண்டவாறே கூறுவதும் அது. ஊரின் பெயரைக் கேட்டறிதல், ‘வெறுமை’ என எழுத வந்த இடத்தில் ‘வெறுமையாக்கப்பட்டது’ என எழுதுதல், இடிந்த வீட்டினுட் புகுமுன் அது ஒருவரின் வீடு என நினைத்தல், ஊர் திரும்பிய பின்னர், தன் அறையில் எரியும் மின்விளக்குக்கும் தன் வயலுக்கு வரும் நீருக்கும் எந்த ஊர் விலை கொடுத்தது என விசாரித்தல் ஆகியன அதனுள் அடங்கும். இவை சிறியன போலத் தோன்றலாம். ஆயின் ஹானொவாஸுக்கு நேர்ந்த அநீதி அரைநூற்றாண்டு நீடித்ததற்கு, அதனைச் செய்தோரின் வன்மை மட்டும் காரணமன்று. அவ்வழியே போனோரெல்லாம் அழகிய இடிபாடுகளைக் கண்டு, ‘யாருமில்லை’ எனக் கருதிக் கடந்துசென்றமையும் அதற்குத் துணைபோயிற்று.

பயணியின் கடன் உண்மையாகத் தீர்க்கப்பட்டதா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு. இன்று ஹானொவாஸுக்கு எதிரே பாதையோரத்தில் வண்டியை நிறுத்துபவனுக்கு, ஆற்றின் ஓசையோடு, சாந்து கலக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் கேட்கக்கூடும். புதிய கூரை ஓடுகள் பழைய கற்சுவரின் நிறத்தோடு ஒவ்வாமல் பளிச்சிடக்கூடும். கணவாயை ஏறி, அமைதியைத் தேடி, பல கிலோமீற்றர் மிதித்து வந்தவனுக்கு அவை இடையூறாகத் தோன்றுமாயின், அவன் விரும்பியது அப்பள்ளத்தாக்கை அன்று. அங்கு வாழ்ந்தவர் இல்லாமையையே அவன் விரும்பினான் என்பது பெறப்படும். அவ்விரைச்சலைக் கேட்டு, தான் இழந்த அமைதியைப் பொருட்படுத்தாது, ‘வந்துவிட்டார்கள்’ என மகிழ்வானாயின் அவன் கண்டவன் ஆகிறான். அதன் பின்னர் அவன் வண்டியில் ஏறி, பொல்தாஞாவை நோக்கி இறங்கிச் செல்வதில் தடையில்லை. ஆறு அப்போதும் நீலமாகவே இருக்கும்.